சகன் நின்ற வாசல்

"நேரா மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே போகச் சொன்னேன்? நடுவுல அந்த வீட்டுக்குள்ள எதுக்குப் போன?"

வாவு முகம்மது இப்படிக் கேட்டதும் வேலைக்காரி உலகம்மாள் முந்தானையைத் திருகினாள். வாசலில் நின்றிருந்த காலிதா கூப்பிட்டாளாம். முதலாளியின் கூடப்பிறந்த அக்கா கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது என்றாள். தலையில் இருந்த பெரிய பலகாரத் தட்டை, அந்தச் சகனை, வாங்கிக்கொண்டு உள்ளே போன காலிதா, கொஞ்ச நேரம் கழித்து, துணி மூடியபடியே திருப்பிக் கொடுத்தாளாம்.

"உள்ள கொண்டுபோயி என்ன செஞ்சா?"

"எனக்கென்ன தெரியும் மொதலாளி. நான் முத்தத்துல நின்னேன்."

வாவுக்கு நெஞ்சு எரிந்தது.

காலிதா வீட்டோடு அவருக்குப் பேச்சு கிடையாது. அவள் மகன் பாக்கரின் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு ஒரே தட்டில், ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிட, தாய்மாமனான அவரைக் கூப்பிடவில்லை. யாரோ ஒரு கொழும்பு வியாபாரியை உட்கார வைத்தார் காலிதாவின் புருஷன், மச்சான் சதக்கத்துல்லா. அன்றைக்குச் சோற்றில் கை வைக்காமல் எழுந்து வந்தவர்தான் வாவு. பாக்கரின் பிள்ளை இப்போது தெருவில் ஓடி விளையாடுகிறது. வாவு இன்னும் இறங்கி வரவில்லை. இறங்கி வர என்ன இருக்கிறது?

இப்போது அவருடைய மகள் மஜீதாவுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். எல்லாம் பேசியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. பெண்ணின் கைப்பக்குவத்தைத் தின்று பார்த்துத்தான் பதில் சொல்வேன் என்றுவிட்டாள் மாப்பிள்ளையின் உம்மா. வேறொரு வீட்டிலிருந்து வந்த அதிரசம் கருகியிருந்தது என்று அந்தச் சம்பந்தத்தையே நிறுத்தியவள் அவள்.

அதனால், நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, மஜீதா மைதா மாவைப் பிசைந்து, மெலிசாகத் தேய்த்து, வில்லை வில்லையாக வெட்டி, மொறுமொறுவென்று பொரித்தாள். ரேஷனில் வாங்கிச் சேர்த்த சீனியையும் பட்டைத்தூளையும் சூட்டோடு தூவிப் புரட்டினாள் அவள் உம்மா நூர் நிஷா. எல்லாருக்கும் நோன்பு. ஒருத்தரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

"கண்ணு போட்டிருப்பா. இல்லேன்னா எதையாச்சும் கலந்திருப்பா" என்றார் வாவு.

நூர் நிஷாவுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அவுக அப்படிச் செய்ய மாட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த வில்லைகளில் ஒன்றை வாவு வாயில் போட்டார்.

மென்றார். பாதியில் நிறுத்தினார்.

"நிஷா, இதுல என்ன தூவின?"

"பட்டைதான்."

"மோந்து பாரு."

"மூக்கு அடைச்சிருக்கே."

மஜீதா மோந்து பார்த்தாள். அடுப்படிக்குப் போய் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே பழுப்பில் தூள். ஒன்றில் பட்டை. இன்னொன்றில் சம்பலுக்கு இடித்து வைத்த மாசிக் கருவாடு. பட்டைப் புட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. மாசிப் புட்டியில்தான் பாதியைக் காணவில்லை.

சீனி போட்ட கருவாட்டைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இந்நேரம் அவர்களும் நோன்பு திறந்திருப்பார்கள். மஜீதா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மஃரிப் தொழுகை முடிந்த கையோடு மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஹமீதே நேரில் வந்துவிட்டார். கையில் அதே சகன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் வாவு எழுந்து நின்றார்.

"என்னத்தச் சொல்ல. எங்க வீட்டுல ஒரு வில்லைகூட மிஞ்சல. அந்தப் பட்டை வாசத்துக்கே எங்க வீட்டுக்காரி சரின்னுட்டா. பெருநாள் கழிச்சுத் தேதி வச்சுக்குவோம்."

வாவு அவருடைய முகத்தையே பார்த்தார். கேலி எதுவும் தெரியவில்லை. சகன் நிறையப் பேரீச்சம்பழம் இருந்தது.

அவர் போனதும் வாவு இன்னொரு வில்லையை எடுத்துக் கடித்தார். மாசி. வேறொன்றைக் கடித்தார். அதுவும் மாசி.

"அந்த வீட்டுல எல்லாருக்குமா ஜலதோஷம்?" என்றார்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடியபோதும் அவருக்கு அதே யோசனைதான். நிமிர்ந்தால், பக்கத்தில் சதக்கத்துல்லா. வாவு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாக்கர் நேத்து ரயிலுக்குப் போயிட்டான்" என்றார் மச்சான், யாரிடமோ சொல்வதுபோல. தனுஷ்கோடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போகிற பிள்ளை, அவன் உம்மா பொரித்து வைத்திருந்த பலகாரம் இல்லாமல் வெறுங்கையோடு போனானாம்.

"ஏன், மறந்துட்டானா?" வாவு தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

"மறக்கல. உங்க வீட்டுச் சகன்ல இருந்ததை மோந்து பார்த்துட்டு, அதைக் கொட்டிட்டு, அவனுக்குப் பொரிச்சதை அதுல வச்சு அனுப்பிட்டா உங்க அக்கா."

செருப்புக்குள் பாதி நுழைத்த காலோடு வாவு அப்படியே நின்றார்.

"அப்ப, எங்க வீட்டுப் பலகாரம்?"

சதக்கத்துல்லா குடையை விரித்துக்கொண்டு படி இறங்கினார்.

"அதைத் தின்னுதான் நேத்து நாங்க நோன்பு திறந்தோம், மாப்ள. மாசி நல்ல மாசி. சீனியைத்தான் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்."