கட்டைவிரல் புடைப்பு

எழில்வேந்தனும் அவன் நண்பன் பிச்சையாவும் வீட்டுக் கொட்டகையில் தாங்களே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார்கள். கார்பன் ஃபைபர் பானட்டுக்கான அச்சு காய்வதற்குள் எழில்வேந்தன் அவசரப்பட்டு அதில் கட்டைவிரலை வைத்துவிட்டான். வார்த்தெடுத்த பானட்டின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குப் புடைப்பு வந்துவிட்டது.

“இருக்கட்டும் மாப்ள. இதே மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே இருக்காது. அச்சை நானே உடைச்சுடறேன்” என்றான் பிச்சையா.

இன்று பந்தயத் திடலில் யாருடையதோ ஒரு சிவப்புக் கார் நின்றது. அதே வளைவுகள். எழில்வேந்தன் பானட்டை நெருங்கினான்.

“என்ன மாப்ள, ஊரான் காரை இப்படி முறைக்கிறே?” என்று சிரித்துக்கொண்டே முந்தி வந்த பிச்சையா, பானட்டின் அதே ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்தான்.

“கையை எடு” என்றான் எழில்வேந்தன்.

பிச்சையா சிரித்துக்கொண்டே இருந்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.