நாலு மானிட்டரும் ஒரே சைஸ்

சத்தியமா சொல்றேன் லா, இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா என் மோட்டார் நாளைக்கே பங்சர் ஆகட்டும்.

தொண்ணூத்தேழுல பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கல்யாணக் கார்டு கடையில நான் டெலிவரி. டைப் அடிக்க நாலு கம்ப்யூட்டர், நாலு பொம்பளைங்க. அவங்களுக்கு மேல சூப்பர்வைசர் கிளாரன்ஸ். சிரிச்சா பல்லு கொட்டிடும்னு நெனைக்கிற மூஞ்சி.

ஒரு கார்டுல ஆறு மணி முகூர்த்தம் எட்டு மணின்னு போயிடுச்சு. பாதி சொந்தக்காரங்க கிள்ளான்லேருந்து வந்து எறங்குறப்ப, பொண்ணு மாப்பிள்ளை சாப்பிட்டு கை கழுவிட்டாங்க.

முதலாளி வீரசிங்கம் குதிச்சார்.

“ஆறு எட்டாத் தெரியுதா? கண்ணு தெரியாத ஆளு யாருன்னு கண்டுபிடி கிளாரன்ஸ். அன்னைக்கே வீட்டுக்கு!”

மறுநாள் காலையில பாத்தா, நாலு மானிட்டர்லயும் எழுத்து வாழைப்பழம் சைஸ்.

“யாரு வேலை இது?” டைப் அடிக்கிற ரமணி கத்தினா.

“நான்தான்,” கிளாரன்ஸ் சொன்னார். “ஸ்கிரீன் ரெசல்யூஷன் எண்ணூறுல இருந்தத அறுநூத்து நாப்பதுக்கு எறக்கிட்டேன், எழுத்து பெருசாத் தெரியும். யாரும் கை வைக்கக் கூடாது.”

“பாதி கார்டுதான் தெரியுது அண்ணே! தள்ளித் தள்ளி வெரல் தேயுது.”

“தேயட்டும்.”

நானும் விடல. “அடுத்து சுவத்துல எழுதிக் காட்டுவீங்களா, சூப்பர்வைசரே?”

மொறைச்சார். மூலை மேசை இராஜம்மா அக்கா மட்டும் அவங்க பாட்டுக்கு டைப் அடிச்சாங்க.

முதலாளி வந்தார். “ஆளு யாரு?”

“ஆளு இல்ல பாஸ், மானிட்டர்தான். எண்ணூறுல வச்சா ஸ்கிரீன் செகண்டுக்கு அறுபது தடவைதான் மின்னும். துடிக்கும், தப்பு வரும். எழுத்தப் பெருசாக்கினா எழுபத்தஞ்சு வைக்கலாம். ஆடாது.”

முதலாளிக்கு ஒண்ணும் புரியல. அதனால தலையாட்டிட்டார்.

மூணு மாசம் கழிச்சு செலாயாங்லேருந்து ரிப்பேர்காரர் அய்யாவு வந்தார். பொம்பளைங்க சாப்பிடப் போயிருந்தாங்க. நான் கார்டு கட்டிக்கிட்டு இருந்தேன்.

“இந்த மானிட்டர் எண்ணூறுலயே எழுபத்தஞ்சு ஓடும் லா. எதுக்கு இப்படி?”

டக்குனு மாத்திட்டார். எழுத்து சின்னதா, ஆடாம, அழகா நின்னுச்சு.

கிளாரன்ஸ் ஓடி வந்து மறுபடியும் வாழைப்பழம் ஆக்கினார்.

என் வாயி சும்மா இருக்குமா? “அப்ப முதலாளிகிட்ட விட்டது புருடாவா?”

கதவப் பார்த்தார். என் சட்டையப் பிடிச்சு இழுத்தார்.

“இராஜம்மாவுக்கு கண்ணுல புரைடா. ஆப்பரேஷனுக்கு ஜனவரியிலதான் தேதி குடுத்திருக்காங்க. அந்தம்மா மானிட்டர மட்டும் பெருசாக்கினா, முதலாளிக்கு ஆளு தெரிஞ்சிடாது? வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்.”

தொறக்கல லா. அக்கா ரிட்டையர் ஆகுற வரைக்கும் தொறக்கல. அம்புட்டு நாள் மூடியே கெடந்து காஞ்சு போன வாயி இது. ஒரு தே தாரிக் டீ, ரெண்டு வடை சொல்லுங்க. இல்லேன்னா உங்க வீட்டுக் கல்யாணக் கார்டும் எட்டு மணின்னுதான் வரும்!