சித்திரையில் தண்ணீர்

தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வந்தபோது பண்ணையடிமைகள்தான் அதற்கு மாலை போட்டார்கள். இனி ஏற்றம் மிதிக்க வேண்டாமே என்று பக்கிரி அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏற்றத்துக்குத் தண்ணீர் எட்டாமல் நிலம் வெடித்துக் கிடக்கும் சித்திரையில் மட்டும்தான் பண்ணை அவர்களை வேலையிலிருந்து விடும். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களெல்லாம் அப்போதுதான். அந்தச் சித்திரையில் நிலம் வெடிக்கவில்லை. நெல் விளைந்த வயலிலெல்லாம் எஞ்சின் தண்ணீரில் கரும்பு நின்றது.

"மவளுக்கு நாள் குறிச்சாச்சு சாமி" என்று பண்ணைக் காரியக்காரர் முன்னால் போய் நின்றான் பக்கிரி.

"வயல்ல தண்ணி நிக்கிதேடா. வேற மாசம் பாரேன்."

"எந்த மாசம்னு நீங்களே சொல்லுங்க சாமி."

நடவு, களை, அறுப்பு என்று விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே போன காரியக்காரர் மறுபடி சித்திரைக்கே வந்து நின்றார். எஞ்சின் சத்தம் வந்த பக்கம் திரும்பி, வெட்டுக்கு நின்ற கரும்பைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குக் கரும்பு வெட்டத் தெரியுமாடா?" என்றார்.