பதினோராவது பெயர்

மானேஜர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் தன் கணவன்தான் என்று முதுகைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சட்டைத் தோளில் அவள் தைத்த ஒட்டு. பிடரியைச் சொறியும் கை மணிக்கட்டு வரை நீலம். சாயப்பட்டறையில் வேலை செய்பவன் கை எந்தச் சோப்புக்கும் வெளுக்காது.

இந்த நேரத்தில் காஸிமிர் கீழ்த்தளத்தில் சாயத் தொட்டியருகே நிற்க வேண்டும். நெசவுக் கூடத்து மானேஜர் அறையில் அவனுக்கு என்ன வேலை?

அறுந்த இழையை முடிச்சுப் போட்டாள்.

கூடத்தில் நூறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே காது இருந்தும் பிரயோஜனமில்லை. பெண்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். எதிர்த்தறிக்காரி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். போலந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அமெரிக்காவில் முதலில் கற்ற பாஷை இதுதான். மாமியார் சண்டையும் பாதிரியாரின் குறட்டையும் சத்தமில்லாமல் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வரும்.

காஸிமிருக்கும் அது தெரியும். வீட்டில் அவளிடம் கற்றுக்கொண்டான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

மானேஜருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வந்து மூன்று மாதமான ஆபீஸ்காரர், தறிப் பக்கம் அதிகம் வராதவர். அவர் கூடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காஸிமிர் சொல்வதை ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினார்.

'டெக்லா.'

எழுதினார்.

'ரோஸாலியா.'

எழுதினார்.

இரண்டும் அவள் சமையலறையில் சொல்லப்பட்ட பெயர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளையும் சேர்த்துப் பதினோரு பெண்கள் அவள் சமையலறையில் கூடியிருந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் புதுச் சட்டம் போட்டு, பெண்களின் வேலையை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குறைத்திருந்தது. மில்காரர்கள் சட்டத்தை மதித்தார்கள். தறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அந்த வேகத்தில் ஒருத்திக்கு இரண்டு விரல் போயிற்று. சங்கம் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவானது. ரொட்டியின் மேல் கை வைத்து ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொன்னாள். முதலில் சொன்னவள் அவள். பெயர் வெளியே போனால் இந்த ஆற்றங்கரையில் எந்த மில்லும் வேலை கொடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

காஸிமிர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தான். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள் ரோஸாலியா.

அவர்கள் போன பிறகு, "பிள்ளை பொறக்கிற வரைக்குமாவது சும்மா இரேன்" என்றான். அவளுக்கு ஏழாம் மாதம். அவள் சிரித்துவிட்டாள்.

சிரித்திருக்கக் கூடாது.

'அனீலா.'

'விக்டோரியா.'

கூடத்தில் தலைகள் திரும்பத் தொடங்கின. கைகள் தறியில் இருந்தன, கண்கள் கண்ணாடியில். தன் பெயர் வந்தபோது ரோஸாலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். அனீலா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

எதிர்த்தறியில் டெக்லாவின் வாய் அசைந்தது.

'உன் வீட்டுக்காரர்தானே அது?'

இல்லை என்று தலையாட்டினாள். அந்த நேரம் பார்த்து நீலக் கை மறுபடியும் பிடரிக்குப் போனது.

எட்டு. ஒன்பது.

தன் பெயருக்காகக் காத்திருந்தாள். இவ்வளவு ஆசையாக அவள் எதற்கும் காத்திருந்ததில்லை.

பத்து.

மானேஜர் நிமிர்ந்தார். 'அவ்வளவுதானா?'

காஸிமிர் ஆமென்று தலையை ஆட்டினான்.

அட பாவி. என்னையும் சொல்லித் தொலையேன்.

அவன் எழுந்து பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு போகிறான். கட்டிய நாளிலிருந்து அவள் அவனை வெறுத்த முதல் நிமிடம் அதுதான்.

பத்துப் பெண்களும் அவளைப் பார்த்தார்கள்.

'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றாள். 'சத்தியமாத் தெரியாது.'

யாரும் அவள் வாயைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார்கள்.

தறியை நிறுத்தினாள். பஞ்சு ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்து, மானேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரைச்சல் சட்டென்று தணிந்தது. தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அந்தப் பட்டியல்ல என் பேரு இல்ல. எழுதிக்குங்க. மொதல்ல சேர்ந்தவளே நான்தான்."

மானேஜர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். எழுந்து வந்தார். அவள் நீட்டாத கையைத் தானே எடுத்துக் குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க ரெண்டு பேரும் செஞ்ச உதவியைக் கம்பெனி என்னைக்கும் மறக்காது."

சொன்னபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கண்ணாடிக்கு வெளியே கூடத்துப் பெண்களைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.