பெட்டிக்குள் பேசிய அம்மா

அர்த்தநாரி வாத்தியார் டேப் ரிக்கார்டரை மேசைமேல் வைத்தபோது, ஏழாம் வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டு.

பெட்டி, கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. சிங்கப்பூர் சாமான். அது பள்ளிக்கூடம் போய்வருகிற விஷயம் மாமனாரைத் தவிர, கேரளத்துத் தமிழ் ஊரான வடகரப்பதிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க இடிக்க, பாலக்காட்டிலிருந்து வந்த கல்வி அதிகாரி. வந்ததிலிருந்து மலையாளம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கிலீஷைக் காதால் கேட்டுப் படிக்கிற வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். பிடித்துப்போனால் அர்த்தநாரிக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அரிசி மில்லில், மாமனாருக்குப் பக்கத்து ஸ்டூல்.

வாய் பொத்தியதற்குக் காரணம் உண்டு.

இந்த ஊரில் ஒருவர் கதை சொன்னால் கேட்கிறவர் ம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அதனால், பெட்டிக்குள் இருந்த வெள்ளைக்கார அம்மா மூச்சுவிட நிறுத்தும்போதெல்லாம் வகுப்பே ம் கொட்டியது.

“பாவமுங்க சார், அந்தம்மா தனியா ஒக்காந்து பேசுது,” என்பான் காளிச்சாமி.

“இன்னைக்கு எவனாச்சும் ம்முன்னீங்க, தோலை உரிச்சுப்போடுவேன்,” என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தார் வாத்தியார்.

அம்மா ஆரம்பித்தாள். ரயிலடியில் தொலைந்துபோன நாய்க்குட்டியின் கதை. நிறுத்தினாள். வெளியே சோளக்காட்டில் கிளி விரட்டும் தகரச் சத்தம் மட்டும்.

மறுபடி பேசினாள், மறுபடி நிறுத்தினாள். அடக்கி அடக்கி ராசம்மாளுக்கு முகமே வீங்கிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில், “ம்.”

அர்த்தநாரி வெடுக்கென்று திரும்பி வகுப்பைப் பார்த்தார். எல்லா வாயிலும் கை. காளிச்சாமி இரண்டு கையும். ஜன்னலில் தினமும் வேடிக்கை பார்க்கிற நாச்சம்மாள்கூட முந்தானையை வாயில் திணித்திருந்தாள்.

நாய்க்குட்டி தண்டவாளத்தில் இறங்கியது. ரயில் கூவியது.

பேட்டரிக் கட்டை தீர்ந்தது. அம்மாவின் குரல் ஆண்குரலாகி, இழுத்து, நின்றுபோனது.

கடைசி பெஞ்ச் தடாலென்று நகர்ந்தது. அதிகாரி எழுந்து நின்றிருந்தார்.

“அட, அப்பறம் என்னாச்சுங்க வாத்தியாரே? குட்டி பொழச்சுதுங்களா?” மலையாளம் போன இடம் தெரியவில்லை; சுத்தமான இந்தப் பக்கத்துத் தமிழ்.

அர்த்தநாரி பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு தன் சொந்த இங்கிலீஷில், கை கால் ஆட்டி, நாய்க்குட்டியைக் காப்பாற்ற ஆரம்பித்தார். மூச்சுவிட நிறுத்தியதும் கைகளெல்லாம் இறங்கின. ம் வந்தது, ஓடு அதிர.

“உங்க வேலைக்கு நானாச்சுங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

நாய்க்குட்டி பிழைத்ததா என்பது அர்த்தநாரிக்கே தெரியாது. வீட்டில் பெட்டி மனைவியின் பாட்டுக்கு. வகுப்பிலோ, இரண்டு ம் வந்ததுமே கோபத்தில் அணைத்துவிடுவார். அந்த அம்மாவை அவர் ஒரு நாளும் முழுதாகப் பேசவிட்டதில்லை.