கடைசி இரண்டு விடைகள்

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், நோயாளிகளுக்கான கேள்விப் படிவத்தை வடிவமைத்தவள் ஒரு தையல்கார அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில், அம்மாளின் மடியில் அந்தப் படிவம் திறந்திருக்கும் டேப்லெட் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அம்மாள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஊசி குத்திக் காய்த்துப்போன விரலால் ‘லேசான வலி’யைத் தொடுகிறார். “என்னம்மா இது, வேர்த்துக் கொட்டுது, லேசான வலின்னு போடுறீங்க?” “நான் என்ன கண்ணு பண்றது? ‘வலி இல்லை’, ‘லேசான வலி’, ரெண்டுதானே இருக்கு. மூணு மாசமா இதைத்தான் அமுக்குறேன். டாக்டரும் இதைப் பாத்துட்டு அதே மாத்திரையத்தான் எழுதுறார்.” அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்புகிறாள். வயதானவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியவள் அவள்தான். விரலால் திரையை மேலே தள்ளுகிறாள். அடியிலிருந்து ‘கடுமையான வலி’ வருகிறது. அதன் பின்னால் ‘தாங்க முடியாத வலி’. “அட, இங்கயா ஒளிஞ்சிருக்கு!” அம்மாள் கடைசி விடையை அழுத்திவிட்டுச் சிரிக்கிறார். எதிர்ச் சுவரில் அவள் வரைந்த வண்ண வரைபடம் தொங்குகிறது: எழுநூறு நோயாளிகள்; கடுமையான வலி, ஒருவருக்கும் இல்லை. அதன் மேல் தலைமை மருத்துவர் பச்சை மையில் ‘அருமை’ என்று எழுதியிருக்கிறார்.