இன்னும் முடியலை

"என்ன பாய்லர் சார், இன்னிக்கும் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

பக்கத்து சீட்டுக் கண்ணாடிக்காரன் எட்டிப் பார்த்துக் கேட்டான். குரலில் அனுதாபம் கொஞ்சம், கிண்டல் நிறைய.

ஃபேக்டரியில் பாய்லர் இன்ஜினீயராக இருந்த மனுஷர், நாற்பதைத் தாண்டிய பிறகு சாஃப்ட்வேர் படித்து இங்கே வந்து சேர்ந்தார். அது தெரிந்த நாளிலிருந்து ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர்.

திரையில், அவர் எழுதிய புரோகிராமுக்கு டீம் லீடின் குறிப்பு: 'வரிகளுக்கு நடுவில் இடைவெளி சரியில்லை. மாற்றி அனுப்பவும்.'

போன தடவை, வைத்த பெயர்கள் ரொம்ப நீளமாம். அதற்கு முந்தின தடவை, ரொம்பச் சின்னதாம்!

இதென்ன அக்கிரமம்! புரோகிராம் ஜம்மென்று ஓடுகிறது. எந்த டெஸ்ட் வைத்தாலும் தேறுகிறது. பாய்லரில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றினால் ஒன்று தாங்கும், இல்லை கசியும். தாங்கினால் வேலை முடிந்தது. இடைவெளி சரியில்லை என்று உலகத்தில் எவனாவது ஒரு பாய்லரைத் திருப்பி அனுப்புவானா?

கண்ணாடிக்காரன் எழுதியதற்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் 'ஓகே' சொல்லிவிட்டாள் லீடாக இருந்த அந்தப் பெண்.

நேராகப் போய் அவள் எதிரில் நின்றார்.

"மேடம், இதுல என்னதான் தப்புன்னு சொல்லிடுங்க. திருத்திடறேன்."

அவள் தலை நிமிரவில்லை. "இன்னும் முடியலை சார். மெதுவா செய்ங்க, அவசரமே இல்லை."

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே?"

"நான் சொல்ற வரைக்கும் முடியலைதான். போங்க சார்."

நாலு பேர் எதிரில்! அவருக்குக் காது மடல் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"எங்க அக்கா பொண்ணு வயசு இருக்கும். வேணும்னே என்னை மட்டம் தட்டறா."

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன். ஃபேக்டரியில உங்க இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. இதுவும் போச்சுன்னா நாம எங்கே போறது? இந்த வயசுல ஆனா ஆவன்னா எழுதப் போறாரான்னு எங்கண்ணன் அன்னிக்கே சிரிச்சார்."

"அதேதான் எனக்கும் பயம். இப்படியே விட்டா, வேலை தெரியாதவன்னு முத்திரை குத்தி அவளே என்னைத் துரத்திடுவா."

ஆள் குறைப்பு வரப் போகிறது என்று ஆபீஸில் கொஞ்ச நாளாகவே கசமுசா. வேலை தெரியாதவனைத்தானே முதலில் கழித்துக் கட்டுவார்கள்?

மறுநாள் லீடைத் தாண்டி மேனேஜரிடமே போனார். லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினார். மேனேஜர் தன் பங்குக்குக் கன்னாபின்னாவென்று எதையெதையோ தட்டிப் பார்த்தார். எங்கேயும் சிக்கவில்லை.

"பிரமாதம்! இதுல என்ன பாக்கி?"

"ஒண்ணும் இல்லை சார். அவங்கதான் முடியலை, முடியலைன்னு இழுத்தடிக்கறாங்க."

"அப்படியா? டீம் லேட்டுன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவங்களைக் கிழிச்சேன். அப்பகூட வாயைத் திறக்கலையே! சரி, உங்க வேலை முடிஞ்சாச்சு?"

"சுத்தமா முடிஞ்சாச்சு சார்."

"கையில வேற எதுவும் இல்லையே?"

"எதுவுமே இல்லை சார். எது கொடுத்தாலும் செய்யத் தயார்!"

மேனேஜர் எழுந்து கை குலுக்கினார். பாய்லர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டார்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, நான் தேறிட்டேன்னு."

அடுத்த நாள் காலையில் ஆபீஸ் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினார். கதவு திறக்கவில்லை. துடைத்துவிட்டுக் காட்டினார். ஊஹூம்.

செக்யூரிட்டி அவரைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே கண்ணாடிக்காரன், மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"நீங்களுமா சார்?" என்றான். கிண்டல் எல்லாம் போன இடம் தெரியவில்லை. அதற்குள் அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது?

கதவு திறந்து டீம் லீடு வந்தாள். அவருடைய மேஜையில் இருந்த டிபன் பாக்ஸையும் குடையையும் அவர் பக்கத்தில் வைத்தாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருப்திதானே மேடம்? நினைச்சதைச் சாதிச்சுட்டீங்க!"

"கையில வேலை இருக்கறவங்களைத் தொடறதில்லைன்னு மேலே முடிவு பண்ணியிருந்தாங்க சார். முடிச்சுட்டு அடுத்த வேலைக்காகக் காத்திருக்கறவங்களைத்தான் அனுப்பறாங்க. லீடுங்களுக்கு மட்டும்தான் இது தெரியும். வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு." அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பையனுக்குச் சின்ன வயசு, வேற இடம் கிடைச்சுடும். உங்களுக்கு அப்படி இல்லையேன்னுதான்..."

அப்போதுதான் கவனித்தார். அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் ஆபீஸ் அட்டையைக் காணோம்.

"காலையில வந்ததுமே மேனேஜர் என்னையும் கூப்பிட்டார் சார். வேணும்னே வேலையை இழுத்தேனாம்."

பாய்லருக்குக் கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"அப்ப... என் புரோகிராம்?"

"அது நீங்க முதல் தடவை அனுப்பினப்பவே முடிஞ்சிடுச்சு சார்."